போடி மலைக் காப்பி

போடி என்றதும் எல்லோரும் ஏலக்காயைத்தான் கேட்பார்கள். குரங்கணி, அகமலைச் சரிவுகளில் நிழல் மரங்களுக்கடியில் காப்பி காய்ப்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரிவதில்லை. மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கிய கதையைச் சொல்வார்கள், 1928-இல் மதுரை ரயில் வந்ததைச் சொல்வார்கள். காப்பியைப் பற்றிப் பேச்சு வராது.

வராததற்குச் சட்டமும் ஒரு காரணம் என்பேன். 1942 காப்பிச் சட்டப்படி விளைச்சலைக் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்புக்குக் கொடுத்துவிட வேண்டியிருந்தது. வீட்டுச் செலவுக்குக் கொஞ்சம் வைத்துக்கொள்ள முடிந்தது. அந்தக் கொஞ்சத்தைத்தான் அப்பத்தா இரும்புச் சட்டியில் வறுக்கும். படபடவென்று வெடித்து அடங்கியதும் முறத்தில் கொட்டி, தவிடு பறக்கப் புடைத்து ஆற்றும். வாரியத்தின் அந்தக் கட்டுப்பாடு முழுதும் நீங்கியது 1996-இல்.

அதே மலைக் கொட்டையை நான் தூளை ஊறவைத்துச் சல்லடையால் அழுத்தி வடிக்கும் பிரெஞ்சு பிரஸ்ஸில் போடுகிறேன். பெயர்தான் பிரெஞ்சு, 1929-இல் அதற்குக் காப்புரிமை வாங்கிய அத்திலியோ கலிமானி இத்தாலிக்காரர். அரவைக் கடையில் “சிக்கரி வேண்டாம்ணே, ரவை மாதிரி கொரகொரன்னு அரைங்க” என்றால் ஒருமாதிரி பார்க்கிறார்கள். நைசாக அரைத்தால் வலைச்சல்லடை அடைத்துக்கொள்ளும், வண்டலும் இறங்கும். 30 கிராம் தூள், கொதி அடங்கிய அரை லிட்டர் தண்ணீர், 4 நிமிடம், பிறகு மெதுவாக அழுத்தணும். ஃபில்டர் டிகாக்‌ஷனின் கெட்டி இதில் வராது. பால் ஊற்றினால் வெளுத்துப்போகும். கருப்பட்டி ஒரு துண்டு போதும்.