ஓர் உயிருக்கு ஒரு சீட்டு

ரம்மி ஆடுகிறவர்களுக்கு ஒரு நிம்மதி உண்டு. ஐம்பத்திரண்டு சீட்டும் எல்லோருக்கும் தெரிந்தவை. ஜோக்கர் எது என்பதில் மட்டும்தான் திருப்பம். திடீரென்று ஒருநாள் யாராவது வந்து, "இந்தாங்க, புதுசா 383 சீட்டு போட்டிருக்கோம். இனிமே இதையும் சேர்த்துத்தான் ஆடணும்" என்று சொன்னால்? எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது என்று ஆளாளுக்குக் கணக்குப் போடத் தொடங்குவார்கள். 'மேஜிக்: த கேதரிங்' ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு 1995 ஜூனில் இதுதான் நடந்தது. அந்தப் புதுத் தொகுப்பின் பெயர் 'ஐஸ் ஏஜ்'. அதில் இருந்த ஒரு சீட்டு விஷயத்தில் பெரும்பாலானவர்களின் கணக்கு தப்பாகப் போனது.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. 1993 ஆகஸ்டில் இந்த ஆட்டம் அமெரிக்காவில் வெளியானது. உருவாக்கியவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட், கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். வெளியிட்டது சியாட்டில் பக்கத்தில் இருந்த விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் என்ற சின்ன நிறுவனம். இதில் பொதுவான கட்டு கிடையாது. கடையில் பூஸ்டர் பாக்கெட்டில் விற்கும் சீட்டுகளை வாங்கி, குறைந்தது அறுபது சீட்டு வைத்து அவரவர் கட்டை அவரவரே அடுக்கிக் கொண்டுவர வேண்டும். இருவருக்கும் தலா 20 உயிர்ப்புள்ளி. எதிராளியின் புள்ளியைச் சுழியமாக்கினால் ஜெயம். நிலச்சீட்டுகள் 'மானா' என்னும் சக்தியைத் தரும், அதைச் செலவழித்துத்தான் மற்ற சீட்டுகளை இறக்க முடியும். முறைக்கு ஒரு சீட்டு எடுக்கலாம். இவ்வளவுதான்.

தொடக்கத்தில் எந்தெந்தச் சீட்டு இருக்கிறது என்ற பட்டியலைக்கூட நிறுவனம் வெளியிடவில்லை. ஆடி ஆடித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பது கார்ஃபீல்டின் ஆசை. அந்த ஆசை ரொம்ப நாள் நிலைக்கவில்லை. த டூயலிஸ்ட், ஸ்க்ரை, இன்குவெஸ்ட் என்று 1994லும் 1995லும் வரிசையாகப் பத்திரிகைகள் வந்தன. விலைப் பட்டியல், மதிப்பீடு, 'இந்தத் தொகுப்பில் எதை வாங்கலாம்' என்ற ஆலோசனை எல்லாம் அச்சில் வரத் தொடங்கின. தங்கம் உரசிப் பார்ப்பதுபோல் புதுச் சீட்டை உரசிப் பார்க்கும் ஒரு தொழிலே உருவாகிவிட்டது.

ஐஸ் ஏஜ் வந்தபோது எல்லோர் வாயிலும் அடிபட்ட பெயர் 'ஜெஸ்டர்ஸ் கேப்', கோமாளியின் குல்லா. எதிராளியின் கட்டைப் பிரித்துப் பார்த்து, மூன்று சீட்டுகளை உருவி ஆட்டத்தை விட்டே அப்புறப்படுத்தலாம். படித்தவுடனே ரத்தம் சூடாகும். விலையும் ஏறியது. அதே தொகுப்பில் 'நெக்ரோபொட்டன்ஸ்' என்றொரு கறுப்புச் சீட்டும் இருந்தது. அதில் எழுதியிருந்ததை வரிவரியாகப் பாருங்கள். முறைக்கு ஒன்று எடுக்கும் சீட்டை இனி நீ எடுக்கக் கூடாது. ஓர் உயிர்ப்புள்ளி கொடுத்தால் கட்டின் மேலிருந்து ஒரு சீட்டு தனியே வைக்கப்படும். அதுவும் உடனே கைக்கு வராது, முறையின் முடிவில்தான் வரும். கையிலிருந்து எதையாவது கழித்துப்போட்டால், அது ஆட்டத்தை விட்டே போய்விடும்.

அட, இதென்ன தண்டனை என்றுதான் தோன்றும். சும்மா கிடைத்துக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, அதையே உடம்பிலிருந்து சதையை அறுத்துக் கொடுத்து வாங்கச் சொல்கிறது. அன்றைய மதிப்பீடுகளில் இதற்குக் கிடைத்த கேவலமான மதிப்பெண்ணை இன்றும் ஆட்டக்காரர்கள் சிரித்துக்கொண்டே நினைவுகூர்கிறார்கள். புதுச் சீட்டுகளைத் தரம்பிரிக்கும் யாருக்கும் முதலில் சொல்லப்படும் எச்சரிக்கைக் கதை இதுதான்.

எனக்கு அந்தச் சிரிப்பில் முழுச் சம்மதமில்லை. விடை ஏற்கெனவே கண்முன்னால் கிடந்தது, அது உண்மை. 1993ன் முதல் தொகுப்பிலேயே கார்ஃபீல்ட் ஐந்து சீட்டுகளை ஒரு குடும்பமாக அமைத்திருந்தார். நிறத்துக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் செலவு ஒரே ஒரு மானா, பலன் எல்லாவற்றிலும் மூன்று. சிவப்பில் 'லைட்னிங் போல்ட்', மூன்று புள்ளி அடி. பச்சையில் 'ஜயன்ட் குரோத்', ஒரு மிருகத்துக்கு மூன்று பலம். கறுப்பில் 'டார்க் ரிச்சுவல்', மூன்று மானா. வெள்ளையில் 'ஹீலிங் சால்வ்', மூன்று உயிர்ப்புள்ளி. நீலத்தில் 'ஆன்செஸ்ட்ரல் ரீகால்', மூன்று சீட்டு. மூன்று உயிரும் மூன்று சீட்டும் ஒரே விலை. நீலச் சீட்டை மட்டும் அரிதாக அச்சிட்டார்கள், ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். பிறகு ஆன்செஸ்ட்ரல் ரீகால் ஆட்டத்தின் மிக வலிமையான சீட்டுகளில் ஒன்றென்று பெயர் வாங்கியது. ஹீலிங் சால்வைச் சீந்துவாரில்லை. கடைக்காரர் வைரத்துக்கும் கண்ணாடிக்கும் ஒரே விலைச்சீட்டு ஒட்டிவிட்டார். நெக்ரோபொட்டன்ஸ் செய்ததெல்லாம், அந்தக் கண்ணாடியைக் கொடுத்து வைரத்தை வாங்கிக்கொள்ளலாம் என்று கதவைத் திறந்துவிட்டதுதான்.

ஏன் தெரியவில்லை? உயிர்ப்புள்ளி என்று பெயர் வைத்ததே காரணம் என்று நினைக்கிறேன். அது குறைந்தால் நாம் தேய்வதாகப் படுகிறது. ஆனால் இந்த ஆட்டத்தில் இருபது புள்ளியோடு நிற்பவனும் ஒரு புள்ளியோடு நிற்பவனும் செய்யக்கூடிய காரியங்களில் ஒரு வித்தியாசமும் இல்லை. கடைசிப் புள்ளி மட்டும்தான் உயிர். மீதிப் பத்தொன்பதும் செலவுக்கு வைத்த பணம்.

ஆனால் 1995ல் அந்தச் சீட்டைக் குப்பை என்றவர்கள் மடையர்கள் அல்ல. அப்போது 'பிளாக் வைஸ்' என்ற சீட்டு எங்கும் பரவியிருந்தது. ஒரே மானாவுக்கு இறக்கலாம். எதிராளி கையில் நான்குக்கு மேல் எத்தனை சீட்டு வைத்திருக்கிறாரோ, அத்தனை அடி அவருக்கு விழும். உயிரைக் கொடுத்துக் கைநிறையச் சீட்டு வாங்கி வைத்துக்கொண்டு, அதற்காகவே மறுபடி அடியும் வாங்குவதா? அந்த உலகத்தில் நெக்ரோபொட்டன்ஸ் கிட்டத்தட்டத் தற்கொலைதான். 1996 தொடக்கத்தில் பிளாக் வைஸைக் கட்டுக்கு ஒன்றுதான் வைக்கலாம் என்று கட்டுப்படுத்தினார்கள். நெக்ரோபொட்டன்ஸில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அது நின்ற நிலம் மாறிவிட்டது.

அந்த பிப்ரவரியில் நியூயார்க்கில் முதல் புரோ டூர் நடந்தது. வென்றவர் மைக்கேல் லொகான்டோ, வெள்ளையும் நீலமும் கலந்த பொறுமையான கட்டு. ஆனால் அரையிறுதி வரை வந்த லியோன் லிண்ட்பேக் கையில் நெக்ரோபொட்டன்ஸ் இருந்தது. அது போதும். சில மாதங்களில் போட்டி மேசைகளெல்லாம் கறுத்துப்போயின. 1996ன் அந்தக் கோடைக்கு இன்றுவரை 'கறுப்புக் கோடை' என்றுதான் பெயர்.

முதல் முறையிலேயே ஒரு சதுப்பு நிலம், ஒரு டார்க் ரிச்சுவல். மூன்று கறுப்பு மானா கிடைத்தாயிற்று, நெக்ரோபொட்டன்ஸ் இறங்கியாயிற்று. அதன்பிறகு முறைதோறும் உயிரைக் கொடுத்துக் கையை ஏழுக்கு நிரப்பிக்கொள்ளலாம். எதிரே இருப்பவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருப்பார். போதாக்குறைக்கு 'ஹிம் டு டூராக்' வந்து அவர் கையிலிருந்து கண்மூடித்தனமாக இரண்டைப் பறிக்கும். கொடுத்த உயிரை 'டிரெய்ன் லைஃப்' அவரிடமிருந்தே உறிஞ்சி மீட்டுத் தரும். நிலைமை கைமீறினால் 'நெவினிரல்ஸ் டிஸ்க்' மேசையைத் துடைத்துவிடும், நெக்ரோபொட்டன்ஸையும் சேர்த்து. (நெவினிரல் என்பது லாரி நிவென் என்ற அறிவியல் புனைகதை எழுத்தாளரின் பெயரைத் திருப்பிப் போட்டது.) எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவருக்குத் தோல்வி என்பது ஒரே அடியாக வராது. மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக இறுகும்.

பத்திரிகைக்காரர்கள் மட்டும்தான் ஏமாந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். 2004ல் 'டார்க்ஸ்டீல்' தொகுப்பில் வந்த 'ஸ்கல்கிளாம்ப்' என்ற கவசச் சீட்டில், அணிந்த மிருகத்தின் தாங்குசக்தியை ஒன்று குறைப்பதாகக் கடைசி நேரத்தில் ஒரு மாற்றம் செய்தார்கள். மிருகம் செத்தால் இரண்டு சீட்டு என்பது அதன் விதி. சின்ன மிருகங்களுக்கு மாட்டியவுடனே செத்துவிழும், இரண்டு சீட்டு கைக்கு வரும். அந்தக் குறைப்புக் குறியைப் பலவீனம் என்று செய்தவர்களே நம்பினார்கள். பிப்ரவரியில் வந்த சீட்டுக்கு ஜூனில் தடை. 1996 அக்டோபரில் 'மிராஜ்' தொகுப்பில் வந்த 'லயன்ஸ் ஐ டயமண்ட்' கதை இன்னும் நீளமானது. கைச் சீட்டு முழுவதையும் கொட்டினால்தான் மூன்று மானா தரும் அந்த வைரத்தைக் கேலி செய்து ஒதுக்கினார்கள். கை காலியாக இருப்பதே ஆதாயம் ஆகும்படியான சீட்டுகள் பின்னாளில் அச்சான பிறகு அதன் விலை நூற்றுக்கணக்கான டாலர்.

கறுப்புக் கோடையின் முடிவைச் சொல்லாமல் விட்டால் கதை நிற்காது. 1996ன் உலகப் போட்டி சியாட்டில் பக்கம் நடந்தது. இறுதிக்கு வந்த அமெரிக்கர் மார்க் ஜஸ்டிஸ் கொண்டுவந்தது நெக்ரோ கட்டு. எதிரே ஆஸ்திரேலியாவின் டாம் சான்பெங். அவருடையது சின்னச் சின்ன வெள்ளைப் போர்வீரர்களை நம்பிய கட்டு. அதில் 'ஆர்டர் ஆஃப் த ஒயிட் ஷீல்ட்' என்ற வீரர் இருந்தார், கறுப்பு மந்திரம் எதுவும் அவரைத் தீண்டாது. அவரும் அதே ஐஸ் ஏஜ் தொகுப்பில் வந்தவர்தான். சான்பெங் தன் கட்டில் 'ஸ்லைட் ஆஃப் மைண்ட்' என்றொரு நீலச் சீட்டும் வைக்க நினைத்து, அதற்கு நீல மானா தர நான்கு 'அடார்கர் வேஸ்ட்ஸ்' நிலங்களையும் சேர்த்திருந்தார். போட்டிக்குக் கொடுத்த பட்டியலில் அந்த நீலச் சீட்டை எழுத மறந்துவிட்டார். எதற்கென்றே இல்லாத அந்த நான்கு நிலங்களோடு ஆடித்தான் உலகப் பட்டத்தை வென்றார்.