ரெனானுக்கு இரு மறுமொழிகள்

'தஃப்உ' என்னும் அரபுச் சொல்லுக்குத் தள்ளுதல் என்பது பொருள். தற்காப்பைக் குறிக்கும் 'திஃபாஉ' அவ்வேரினின்று பிறந்ததே. வரும் அடியைத் தள்ளுதல் எவர்க்கும் உரிமை. அடியோடு கலந்து வரும் உண்மையையும் சேர்த்துத் தள்ளிவிடுவது வேறு. அது அஞ்சிய மனத்தின் செயல். இவ்விரண்டையும் பிரித்தறிய 1883ஆம் ஆண்டின் வாதமொன்று உதவும்.

அவ்வாண்டு மார்ச் 29 அன்று பாரிஸ் சொர்போனில் பிரெஞ்சு அறிஞர் எர்னஸ்ட் ரெனான் 'இஸ்லாமும் அறிவியலும்' பற்றிச் சொற்பொழிவாற்றினார். இஸ்லாம் அறிவாராய்ச்சியை ஒடுக்கியது என்றார். அரபு மெய்யியல் எனப்படுவது மொழியால் மட்டுமே அரபு. அல்கிந்தீ ஒருவரைத் தவிர அதனை வளர்த்தோர் அரபியர் அல்லர் என்றும் சொன்னார்.

அப்போது மிதில்லித் தீவில் ஆட்சி அலுவலராயிருந்த துருக்கியக் கவிஞர் நாமிக் கமால் கொதித்தெழுந்து எழுதிய நூலின் பெயரே 'ரெனான் முதாஃபஆ நாமே'. 'முதாஃபஆ' என்பதும் அதே வேர்ச்சொல்தான்! ரெனானின் பிழைகளை அவர் ஒவ்வொன்றாகப் பிடித்தார். அவற்றுட் பல மெய்யான பிழைகளே. ஆயினும் எதிரியின் கூற்றில் நாம் எண்ணிப் பார்க்கத் தக்கது ஏதேனும் உண்டா என்னும் கேள்விக்கு அங்கு இடமில்லை. 1888இல் அவர் மறைந்த பின்னரே அந்நூல் அச்சேறியது.

பாரிஸிலிருந்த ஜமாலுத்தீன் அஃப்கானீ சென்ற வழி வேறு. ரெனானின் உரையை வெளியிட்ட 'ழுர்னால் தெ தெபா' நாளிதழிலேயே மே 18 அன்று அவர் மறுமொழி வந்தது. சமயத்தின் பெயரால் அறிவு நெருக்கப்பட்டதை அவர் மறுக்கவில்லை. நம்மிற் பலர் ஏற்கவியலாத கடுமையோடும் எழுதினார். பின்னரே வினவினார்: கிறிஸ்தவமும் அவ்வாறு செய்யவில்லையா? அதற்குப் பல நூற்றாண்டு இளைய முஸ்லிம் சமுதாயத்துக்கு மட்டும் எதிர்காலம் இல்லை என்பது எங்ஙனம்? இனங்களைப் பிரிப்பது மொழியே. அவ்வாறாயின் இப்னு பாஜ்ஜா, இப்னு துஃபைல், இப்னு ருஷ்து ஆகியோர் அல்கிந்தீயைப் போல் அரபியரே அல்லரோ? ஒப்புக்கொண்டு தொடங்கியமையால் இவ்வினாக்களைச் சினத்தின் சொற்கள் என்று எவரும் ஒதுக்க முடியவில்லை.

மறுநாளே ரெனான் விடையிறுத்தார். இவ்வகையில் கிறிஸ்தவமும் மேலானதன்று என இசைந்தார். எனினும் அஃப்கானீயை ஆரிய இனத்தவர் என்று புகழ்ந்து, அவர் அறிவையே தம் இனக்கொள்கைக்குச் சான்றாக்கிக்கொண்டார். புகழ்ச்சியும் கேடயமாகும் போலும்!

பெய்ரூத்தில் நாடுகடத்தப்பட்டிருந்த மாணவர் முஹம்மது அப்துஹு, அம்மறுமொழியின் அரபு மொழிபெயர்ப்பைத் தடுத்துவிட்டதாக ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். அன்றைய சூழலில் அவரது அச்சத்தை முற்றும் பழிப்பதற்கில்லை.

நான் ஓதிய நாளில், "ரெனானின் வாயை அடைத்தவர் அஃப்கானீ" என்றே எங்களுக்குச் சொல்லப்பட்டது. அவர் எதனை ஒப்புக்கொண்டார் என எவரும் சொல்லவில்லை. நானும் என் மாணவர்க்குப் பல்லாண்டுகள் அவ்வாறே சொல்லிவந்தேன்.