சுவிட்சர்லாந்தின் போர் விமானக் கொள்முதல்

சுவிட்சர்லாந்து தன் விமானப்படைக்குப் போர் விமானம் வாங்கும்போது விலையும் அரசியலும் பலமுறை மோதியிருக்கின்றன. 1993, 2014, 2020 ஆகிய மூன்று ஆண்டுகளில் இந்தக் கேள்வி பொதுவாக்கெடுப்புக்கே வந்தது. 2022இல் ஒப்பந்தமான அமெரிக்க எஃப்-35ஏ விமானங்களின் விலை குறித்து 2025இல் எழுந்த சர்ச்சை, மக்கள் ஒப்புதல் அளித்த தொகைக்குள் எத்தனை விமானம் கிடைக்கும் என்பதையே கேள்விக்குறியாக்கியது.

மிராஜ் விவகாரம்

பிரான்சின் மிராஜ் 3 ரக விமானங்கள் நூறு வாங்க 1961இல் நாடாளுமன்றம் 87 கோடி ஃபிராங்க் ஒதுக்கியது. ராணுவம் அந்த விமானத்தை அப்படியே வாங்க விரும்பவில்லை. அமெரிக்க ரேடாரும் ஏவுகணையும் பொருத்தச் சொன்னது. மலையைக் குடைந்து அமைத்த கொட்டகைகளுக்குள் கிரேனால் தூக்கி நகர்த்துவதற்கு ஏற்ற அமைப்புகளையும் கேட்டது. மாற்றங்கள் கூடக்கூடச் செலவும் ஏறியது. 1964இல் அரசு மேலும் 57.6 கோடி ஃபிராங்க் கேட்டபோது நாடாளுமன்றம் கொதித்தெழுந்தது. கூர்ட் ஃபுர்க்லர் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு ராணுவத் துறையைக் கடுமையாகக் குறை கூறியது. விமானங்களின் எண்ணிக்கை 57ஆகக் குறைக்கப்பட்டது. விமானப்படைத் தளபதியும் ராணுவத் தலைமை அதிகாரியும் பதவி இழந்தனர். துறை அமைச்சர் பால் ஷோதே 1966இல் அமைச்சரவையை விட்டு விலகினார்.

வாக்குச்சீட்டில் விமானம்

ராணுவச் செலவுகள் வழக்கமாக நாடாளுமன்றத்தோடு முடிந்துவிடும். சட்டம் ஒன்றை எதிர்த்து 100 நாளில் 50,000 கையெழுத்து திரட்டினாலோ, அரசியலமைப்பைத் திருத்தக் கோரி 18 மாதத்தில் 1,00,000 கையெழுத்து திரட்டினாலோதான் விவகாரம் மக்களிடம் போகும்.

1992இல், ராணுவமே வேண்டாம் என்று போராடிய குழு இரண்டாவது வழியைக் கையாண்டது. 34 எஃப்/ஏ-18 ஹார்னெட் விமானங்களை வாங்கும் திட்டத்துக்கு எதிராக அது சுமார் ஒரு மாதத்திலேயே தேவைக்கும் அதிகமான கையெழுத்துகளைத் திரட்டியது. ஆனால் 1993 ஜூன் 6 அன்று நடந்த வாக்கெடுப்பில் 57 விழுக்காட்டினர் அந்தக் கோரிக்கையை நிராகரித்தனர். ஹார்னெட்டுகள் வந்து சேர்ந்தன.

2014 மே 18 அன்று முடிவு தலைகீழானது. சுவீடனின் கிரிபென் விமானங்கள் 22 வாங்க 312.6 கோடி ஃபிராங்க் நிதி அமைக்கும் சட்டத்தை 53.4 விழுக்காட்டினர் தோற்கடித்தனர். போட்டியிட்ட மூன்றில் மலிவானது என்பதாலேயே அரசு கிரிபெனைத் தேர்ந்தது. அதன் திறன் போதாது என்று சொன்ன ராணுவத்தின் சொந்த மதிப்பீட்டு அறிக்கை ஏற்கெனவே கசிந்திருந்தது. மலிவு என்ற வாதம் வாக்காளர்களிடம் எடுபடவில்லை.

அந்த வாக்கெடுப்புக்கு மூன்று மாதம் முன்புதான் விமானப்படையின் தயார் நிலையிலிருந்த குறையும் வெளிப்பட்டிருந்தது. 2014 பிப்ரவரி 17 அன்று, எத்தியோப்பிய விமானம் ஒன்றை அதன் துணை விமானியே கடத்தி ஜெனீவாவில் இறக்கினார். அதற்குத் துணையாக வந்தவை இத்தாலிய, பிரெஞ்சுப் போர் விமானங்கள். விடியற்காலையில் சுவிஸ் போர் விமானங்கள் கிளம்பவில்லை. அவை அலுவலக நேரத்தில் மட்டுமே தயார் நிலையில் இருந்தன. அதற்குப் பின் படிப்படியாக ஏற்பாடுகள் செய்து, 2020இன் இறுதியிலிருந்துதான் 24 மணி நேரமும் தயார் நிலை வந்தது.

600 கோடிக்கு ஒப்புதல்

கிரிபென் தோல்வியிலிருந்து அரசு ஒரு பாடம் கற்றது. அடுத்த முறை விமானத்தின் பெயரோ எண்ணிக்கையோ வாக்குச்சீட்டில் இடம்பெறவில்லை. அதிகபட்சம் 600 கோடி ஃபிராங்க் என்ற உச்சவரம்பு மட்டுமே மக்கள் முன் வைக்கப்பட்டது. 2020 செப்டம்பர் 27 அன்று 50.1 விழுக்காட்டினர் ஆம் என்றனர். முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் இரு தரப்புக்கும் இடையிலான வேறுபாடு ஒன்பதாயிரத்தைக்கூட எட்டவில்லை.

2021 ஜூன் 30 அன்று அரசு 36 எஃப்-35ஏ விமானங்களைத் தேர்ந்தது. சூப்பர் ஹார்னெட், ரஃபேல், யூரோஃபைட்டர் ஆகியவை பின்தங்கின. கொள்முதல் விலை 506.8 கோடி ஃபிராங்க் என்றும், 30 ஆண்டுப் பராமரிப்பையும் சேர்த்தால் சுமார் 1,550 கோடி என்றும் கணக்கிட்டது. அடுத்த மலிவான போட்டியாளரைவிட இது ஏறத்தாழ 200 கோடி குறைவு என்றது. விலையில் 60 விழுக்காட்டுக்கு ஈடான பணிகளை சுவிஸ் தொழிற்சாலைகளுக்குத் தருவது நிபந்தனை. அதிலும் ஜெர்மன் பகுதிக்கு 65, பிரெஞ்சுப் பகுதிக்கு 30, இத்தாலியப் பகுதிக்கு 5 விழுக்காடு என்று மொழிவாரியாகப் பங்கு பிரிக்கப்பட்டது.

எஃப்-35ஐ எதிர்த்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் 2022 ஆகஸ்டில் ஒப்படைக்கப்பட்டன. ஆனால் அதன் மீது வாக்கெடுப்பு நடக்கும்வரை அரசு காத்திருக்கவில்லை. செப்டம்பர் 19 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. கோரிக்கை அர்த்தமிழந்து திரும்பப் பெறப்பட்டது.

நிலையான விலையா?

எஃப்-35 விமானங்களை வெளிநாடுகள் அமெரிக்க அரசின் வழியாகவே வாங்குகின்றன. உற்பத்தியாளரோடு பேரம் பேசுவது அமெரிக்க அரசு. தான் வாங்கும் விலைக்கே அது நட்பு நாட்டுக்கும் கொடுக்கிறது. விமானங்கள் தொகுதி தொகுதியாக ஒப்பந்தமாவதால் இறுதி விலை பின்னால்தான் தெளிவாகும். சுவிஸ் அரசோ, தனக்கு நிலையான விலை உறுதியாகியிருப்பதாக நாடாளுமன்றத்திடமும் மக்களிடமும் திரும்பத் திரும்பச் சொன்னது. அந்த உறுதிக்குச் சட்ட அடிப்படை போதாது என்று கூட்டாட்சித் தணிக்கைத் துறை 2022இலேயே எச்சரித்தது. ஒப்பந்தம் அதற்குப் பிறகுதான் கையெழுத்தானது.

2025 ஜூன் 25 அன்று, நிலையான விலை என்பது தவறான புரிதல் என அமெரிக்கத் தரப்பு கூறுவதாக அரசு அறிவித்தது. பணவீக்கம், மூலப்பொருள் விலை உள்ளிட்ட காரணங்களால் 65 கோடி முதல் 135 கோடி டாலர் வரை கூடுதலாகும் என்றும் தெரிவித்தது. ஆகஸ்டில் சுவிஸ் பொருள்கள் மீது அமெரிக்கா 39 விழுக்காடு வரி விதித்ததும், ஒப்பந்தத்தையே கைவிட வேண்டும் என்ற குரல் வலுத்தது. அரசு ஒப்பந்தத்தைக் கைவிட மறுத்தது. டிசம்பரில், மக்கள் ஒப்புதல் அளித்த தொகைக்குள் வாங்க முடிந்த அளவு விமானங்களையே வாங்குவது என்று முடிவெடுத்தது. 36 என்ற இலக்கு கைவிடப்பட்டது.

மதிப்பீடு

1964இலும் 2025இலும் பணம் போதாமல் போனபோது குறைந்தது விமானங்களின் எண்ணிக்கையே. முதல் முறை ராணுவத்தின் ஆசைகள் விலையை ஏற்றின. அடுத்த முறை விற்பவரின் கணக்கு ஏற்றியது. இரண்டு முறையும் மக்களின் பிரதிநிதிகளுக்கு உண்மைச் செலவு தெரிந்தது, முடிவெடுத்து முடிந்த பிறகுதான். உச்சவரம்பை மக்கள் விதித்ததால் கஜானா இம்முறை ஓரளவு தப்பியது. அது மக்களாட்சியின் வெற்றி. ஆனால் அந்த வரம்புக்குள் என்ன கிடைக்கும் என்பதை எழுத்தில் உறுதி செய்வது ஆட்சியாளர்களின் கடமை. தணிக்கைத் துறையின் எச்சரிக்கையைக் கேட்டிருந்தால் அந்தக் கடமை ஒப்பந்தத்துக்கு முன்பே நிறைவேறியிருக்கும்.