பிரதி எடுக்க மறக்காத பெட்டி

கணினியில் உள்ளதை வேறோர் இடத்திலும் எழுதி வைக்கவேண்டும் என்ற எண்ணம் கணினியளவு பழமையானது. ஐபிஎம் நிறுவனம் 1952 இல் காந்த நாடா இயந்திரத்தையும் 1956 இல் முதலாவது வன்தட்டு இயந்திரத்தையும் வெளியிட்டது. அந்த வன்தட்டு ஒரு பெரிய அலுமாரியளவு இருந்தது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் அதனுள் சுழன்றன. அத்தனையும் சேர்ந்து கொண்டது 50 இலட்சம் எழுத்துகளே. தட்டு விரைவானது, விலை கூடியது. நாடா மெதுவானது, மலிவானது. ஆகவே பகலில் தட்டில் வேலை, இரவில் நாடாவில் பிரதி என்னும் வழக்கம் பெரிய கணினிக்கூடங்களில் வேரூன்றியது. நாடாக்களைச் சுழற்சியாகப் பயன்படுத்தும் முறைக்குப் 'பாட்டன், தந்தை, மகன்' என்றே பெயர். புதிய பிரதி பிறக்கும்போது தந்தை பாட்டனாவார். பழைய பாட்டனின் நாடா துடைக்கப்பட்டு மீண்டும் பயன்படும். செல்லரிப்பதற்கு முன் ஏட்டைப் பெயர்த்தெழுதிய நம் முன்னோருக்கு இந்தக் கணக்கை எவரும் விளக்கவேண்டியிருந்திராது.

இந்த ஏற்பாட்டின் பலவீனம் மனிதன். நாடாவை மாற்றுவதற்கு இரவில் ஒருவர் விழித்திருக்கவேண்டும். கணினி வீட்டுக்கு வந்தபோது அந்த ஒருவரும் இல்லாமற் போனார். 1.44 மெகாபைற் கொள்ளும் நெகிழ்தட்டுகளிலும், பின்னர் இறுவட்டுகளிலும் பிரதி எடுக்கலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எடுத்தவர்கள் சிலர், தொடர்ந்து எடுத்தவர்கள் மிகச் சிலர். பத்திரிகைக் காரியாலயங்களும் இதற்கு விலக்கல்ல. நாளைய பதிப்பைப் பற்றியே எந்நேரமும் சிந்திப்பவர்களுக்கு நேற்றைய கோப்பு நினைவில் நிற்பதில்லை.

பிரதி எடுக்கப்படுகிறது என்று நம்புவதற்கும் அது உண்மையில் இருப்பதற்கும் இடையிலுள்ள தூரத்தைக் காட்டும் சம்பவம் 1998 இல் கலிபோர்னியாவில் நடந்தது. பிக்சார் நிறுவனம் 'டோய் ஸ்டோரி 2' படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தது. எவரோ ஒருவர் அழிக்கும் கட்டளையைத் தவறான இடத்தில் கொடுத்துவிட்டார். கதாநாயகப் பொம்மையின் கோப்புகள் ஒவ்வொன்றாக மறைவதைத் திரையில் கண்டவர்கள் இயந்திரத்தின் மின் இணைப்பைப் பிடுங்கும்படி தொலைபேசியில் அலறினார்கள். அதற்குள் படத்தின் பெரும்பகுதி போய்விட்டது. பதற்றம் நீண்ட நேரம் நீடிக்கவில்லை, ஏனெனில் நாடாப் பிரதி இருந்தது. மீட்டெடுத்தார்கள், வேலை தொடர்ந்தது. சில நாட்களின் பின்னரே அந்தப் பிரதி குறைபட்டது என்று தெரியவந்தது. நாடாக்கள் ஒழுங்காக எழுதப்படாமலே இருந்திருக்கின்றன. அதை எவரும் பரிசோதிக்கவில்லை.

படத்தைக் காப்பாற்றியது ஒரு குழந்தையின் பிறப்பு. தொழில்நுட்ப மேற்பார்வையாளரான கேலின் சூஸ்மன் பிரசவத்தின் பின் வீட்டிலிருந்து வேலை செய்துவந்தார். அதற்காக அவருடைய வீட்டுக் கணினியில் படத்தின் பிரதி ஒன்று வைக்கப்பட்டிருந்தது. அந்தக் கணினியைப் போர்வைகளால் சுற்றி, காரின் பின் ஆசனத்தில் இருத்தி, மெதுவாக ஓட்டிவந்து சேர்த்தார்கள். (பின்னர் அப்படத்தின் கதையே பெருமளவு மாற்றப்பட்டு, 1999 நவம்பரில் வெளியானது தனிக்கதை.) வீட்டில் ஒரு பிரதி இருந்தது திட்டத்தால் அல்ல, தற்செயலால்.

திட்டமிட்டு அதைச் செய்வதற்கான கருவிகள் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அவுஸ்திரேலியாவில் உருவாகத் தொடங்கியிருந்தன. கன்பராவிலுள்ள அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் அன்ட்ரூ ட்ரிஜெல் என்ற மாணவர் 1992 இல் 'சம்பா' என்ற மென்பொருளின் முதல் வடிவத்தை வெளியிட்டார். பெயரைக் கேட்டு நெல்லை நினைக்கவேண்டாம். எஸ், எம், பி என்ற மூன்று எழுத்துகளை உள்ளடக்கிய சொல்லைத் தேடியபோது அகப்பட்ட பெயர் அது. விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிரும் மொழியை வேறு இயங்குதளங்களும் பேச அது வழிசெய்தது. இலவச மென்பொருளில் இயங்கும் மலிவான பெட்டியொன்று வீட்டுக் கணினியுடன் உறவாட முடிந்தது இதனாலேயே.

அதே ட்ரிஜெல், போல் மக்கெராசுடன் சேர்ந்து 1996 இல் வெளியிட்டது 'ஆர்சிங்க்'. அதன் உத்தி அச்சுக்கூடத்தில் வேலை செய்தவர்களுக்கு உடனே விளங்கும். ஒப்புநோக்குநர் பக்கம் முழுவதையும் மீண்டும் அடிக்கும்படி சொல்வதில்லை. மாறிய வரிகளை மட்டுமே குறித்து அனுப்புவார். ஆர்சிங்க் கோப்பைச் சிறு துண்டுகளாக வகுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் அடையாள எண்ணைக் கணிக்கிறது. இரு முனைகளிலும் எண்கள் ஒத்திருந்தால் அந்தத் துண்டு அனுப்பப்படுவதில்லை. மாறிய பகுதி மட்டுமே கம்பி வழியாகச் செல்கிறது. முதல் பிரதிக்கு ஓர் இரவு முழுவதும் செல்லலாம். அடுத்த இரவுக்குச் சில நிமிடங்கள் போதும். குறித்த வேளையில் கட்டளையைத் தானே இயக்கும் வசதி யுனிக்ஸ் இயங்குதளத்தில் 1970 களிலிருந்தே இருந்தது. இரண்டும் சேர்ந்தபோது, விழித்திருக்க வேண்டிய அந்த மனிதன் விடுதலை பெற்றான்.

சாதாரண வீடுகளுக்கு இது வந்தது 2000 களில். தைவான் நிறுவனங்களான சினோலஜியும் கியூநெப்பும் இரண்டு அல்லது நான்கு வன்தட்டுகள் கொள்ளும் சிறு பெட்டிகளை விற்பனைக்கு விட்டன. வலையமைப்பில் இணையும் சேமிப்பகம் என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு அவற்றை 'நாஸ்' என்பர். அப்பிள் நிறுவனம் 2007 ஒக்டோபரில் 'டைம் மெஷின்' என்ற வசதியைத் தன் இயங்குதளத்தில் சேர்த்தது. மணிக்கொரு பிரதி, கடந்த 24 மணிநேரத்தின் பிரதிகள் அனைத்தும், கடந்த ஒரு மாதத்துக்கு நாளுக்கொன்றும், அதற்கு முந்திய காலத்துக்கு வாரத்துக்கொன்றும் வைக்கப்படும். தட்டு நிறைந்தால் மிகப் பழையது நீங்கும். பாட்டன், தந்தை, மகன் முறையே உருமாறி வந்திருக்கிறது. 2008 இல் வந்த 'டைம் கப்சியூல்' இந்தப் பிரதிகளைக் கம்பியில்லாமலே பெற்றுக்கொண்டது. அதன் விற்பனை 2018 இல் நிறுத்தப்பட்டது, வழக்கம் நிலைத்துவிட்டது.

இவ்விடத்தில் பலரும் ஒரு மயக்கத்துக்கு ஆளாவதைக் காண்கிறேன். பெட்டிக்குள் இரண்டு தட்டுகள் ஒன்றையொன்று பிரதிபலித்தால் பிரதி கிடைத்துவிட்டது என்று எண்ணுகிறார்கள். பல தட்டுகளை ஒன்றிணைக்கும் 'ரெய்ட்' முறைக்குப் பெயர் தந்த, பற்றர்சன், கிப்சன், கற்ஸ் ஆகியோரின் 1988 ஆம் ஆண்டுக் கட்டுரை, தட்டு பழுதடைவதையே எதிர்கொண்டது. ஒரு தட்டு செத்தால் மற்றது வேலையைத் தொடரும். ஆனால் நீங்கள் ஒரு கோப்பை அழித்தால் இரண்டிலும் அக்கணமே அழியும். கண்ணாடி, முகத்திலுள்ள கரியையும் சேர்த்தே காட்டும்.

இந்த வேறுபாட்டுக்குப் பெரும் விலை கொடுத்தது டென்மார்க்கின் மெயார்ஸ்க் கப்பல் நிறுவனம். கொழும்புத் துறைமுகத்தைக் கண்டவர்களுக்கு அந்தப் பெயர் புதிதல்ல. 2017 ஜூன் 27 ஆம் திகதி 'நொட்பெட்யா' என்ற அழிவு மென்பொருள் உக்ரேனியக் கணக்கியல் மென்பொருளொன்றின் வழியாகப் புகுந்து அதன் வலையமைப்பை முடக்கியது. பயனர் விபரங்களைக் காக்கும் வழங்கிகள் சுமார் 150 உலகெங்கும் இருந்தன. ஒன்று கெட்டால் மற்றவை ஈடுசெய்யும் என்பதே ஏற்பாடு. எல்லாம் ஒரே வேளையில் அழியும் என்று எவரும் எண்ணியிருக்கவில்லை. தப்பியது ஒன்றே ஒன்று, கானா நாட்டில். தாக்குதலுக்குச் சற்று முன் அங்கு மின்சாரம் தடைப்பட்டு, அது வலையமைப்பிலிருந்து விலகியிருந்தது. கானா ஊழியர்களிடம் பிரித்தானிய விசா இருக்கவில்லை. ஆகவே ஒருவர் நைஜீரியாவுக்குப் பறந்து, அங்கு மற்றொருவரிடம் வன்தட்டைக் கையளிக்க, அவர் அதை இலண்டனுக்குக் கொண்டுசென்றார். மின்வெட்டைச் சபித்தே பழகிய நமக்கு இது விநோதமான செய்தி.

நாஸ் பெட்டிகளும் தாக்குதலுக்குத் தப்பவில்லை. 2014 இல் சினோலஜி பெட்டிகளையும் 2021 ஏப்ரலில் கியூநெப் பெட்டிகளையும் கப்பம் கோரும் மென்பொருள்கள் பூட்டின. பிரதியே பணயக்கைதியானது. இணையத்துக்குக் கதவு திறந்து வைத்தவர்களே பெரும்பாலும் அகப்பட்டனர்.

இலங்கைக்கும் பாடம் வந்தது. 2023 ஓகஸ்டில் அரசாங்க மின்னஞ்சல் சேவை கப்ப மென்பொருளால் தாக்கப்பட்டது. அமைச்சரவைக் காரியாலயம் உட்படச் சுமார் 5,000 முகவரிகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீளாது போயின. இணைப்பிலிருந்த பிரதியும் சேர்ந்தே பூட்டப்பட்டது. அந்தக் காலப்பகுதிக்கு விலக்கிவைத்த பிரதி இருக்கவில்லை. ஓர் அரசின் மூன்று மாதக் கடிதப் போக்குவரத்து இல்லாமற்போவது வரலாற்றை எழுதுபவனுக்குச் சிறிய விடயமல்ல. கிளர்ச்சி எதுவும் எழவில்லை. பத்திரிகைகளும் ஓரிரு நாட்களில் வேறு செய்திக்குப் போய்விட்டன.

1981 ஜூன் முதலாம் திகதி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது போனவை சுமார் 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும். 'ஈழநாடு' காரியாலயமும் அந்நாட்களிலேயே எரிக்கப்பட்டது. வேறெங்காவது பிரதி இருந்தவை மட்டுமே பின்னர் கைக்கு வந்தன. 1995 ஒக்டோபர் இறுதியில் ஓரிரவில் குடாநாட்டின் வலிகாமத்தை விட்டு நடந்தவர்கள் அல்பங்களைச் சுமக்கவில்லை. பிறகு அவர்களுக்குத் தாய் தந்தையின் திருமணப் படத்தைக் காட்டியது, எப்போதோ தபாலில் அனுப்பிய ஒரு பிரதியைப் பெட்டியில் வைத்திருந்த கனடாவிலோ இலண்டனிலோ உள்ள உறவினர். அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பீற்றர் குரோ வகுத்த 3-2-1 விதி, அதாவது மூன்று பிரதி, இரு வகை ஊடகம், ஒன்று வேற்றிடத்தில், எங்கள் குடும்பங்களில் பெயரில்லாமலே நடந்திருக்கிறது.

ஆகவே வீட்டில் ஒரு பெட்டி வைப்பவர்கள் அதனை வழிப்படுத்தியுடன் கம்பியால் இணைத்து, இரவுப் பிரதியை ஒழுங்கு செய்து, பழைய பதிப்புகளை வைத்திருக்கும் வசதியையும் இயக்கிவிடுங்கள். வெளியிலிருந்து அதை அணுகும் வழியை மூடிவிடுங்கள். மின்வெட்டுக்கு ஒரு சிறிய யூபிஎஸ் வேண்டும். மாதம் ஒருமுறை ஒரு வெளி வன்தட்டில் பிரதி எடுத்து, கழற்றி, மகள் வீட்டிலோ தம்பி வீட்டிலோ கொடுத்து வையுங்கள். அந்தத் தட்டு வீடு திரும்பும் நாளில், பழைய கோப்பு ஒன்றைத் தெரிவுசெய்து மீட்டெடுத்து, அது உண்மையில் திறக்கிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை. பிக்சாரில் எவரும் செய்யாதது அதுதான்.