சாம்பல் கல்லான வரலாறு

பினாங்கு மாநிலத்துப் புக்கிட் மெர்தாஜாம் நகருக்கு அங்குள்ள கருங்கற் குன்றே அடையாளம். அதன் அடிவாரத்தில், செரோக் தோக்குன் என்னுமிடத்தில், பல்லவ எழுத்துப் பொறித்த பாறையொன்று உண்டு. 1845இல் ஜேம்ஸ் லோ என்பார் அதனைக் கண்டறிந்தார். அதற்கு முன்னரே கல்லுடைப்போர் கண்டிருந்தால், அது சில வண்டிச் சல்லியாய் முடிந்திருக்கும். மலைக்கல், வெட்டினால் மீண்டும் விளையாத பொருள். அதற்கு மாற்றுத் தேடிய முயற்சியே செயற்கைக் கல்லின் வரலாறாகும்.

இம்முயற்சி புதியதன்று. தமிழ்நாட்டு மாடித் தளங்களில் கொத்தனார்கள் சுண்ணாம்புடன் கலந்து இடித்துப் பரப்பிய செங்கற்சல்லி, சுட்ட மண்ணாலான கல்லேயன்றோ? கல் அரிதான வங்கத்து வண்டல் நிலத்திலும் செங்கல்லை உடைத்தே கான்கிரீட் இட்டனர். 1918இல் அமெரிக்கரான ஸ்டீபன் ஹேய்டு, களிப்பாறையைச் சூளையில் உப்பச் செய்து எடை குறைந்த சல்லி ஆக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அத்தகைய சல்லியால் கட்டப்பட்ட ‘செல்மா’ என்னும் கான்கிரீட் கப்பல் 1919இல் கடலில் இறங்கியது.

மண்ணுக்கு அடுத்துச் சாம்பலின் முறை வந்தது. அனல்மின் நிலையத்தில் நிலக்கரியைப் பொடித்து எரிக்கையில், புகையோடு பறக்கும் நுண்சாம்பலை மின்விசையால் பிடித்து நிறுத்துவர். மணற்சத்தும் அலுமினியச் சத்தும் மிகுந்த அச்சாம்பலில் நீர் தெளித்து, சாய்ந்து சுழலும் பெருந்தட்டில் இட்டால், சீடை போல் உருண்டைகள் திரளும். அவற்றை 1,100 பாகை செல்சியசுக்கு மேல் சுட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகும். சாம்பலில் எரியாது தங்கிய கரியே எரிபொருளின் ஒரு பகுதியாக உதவும். சுடாமல், சுண்ணாம்போ சிமெண்டோ சேர்த்து இறுகச் செய்வதும் உண்டு. 1960களில் பிரிட்டனில் ‘லைடாக்’ என்னும் பெயரில் இக்கல் விற்பனைக்கு வந்தது. கருங்கல்லினும் எடை குறைந்ததாதலின், உயர்ந்த கட்டடங்களின் பாரத்தை இது குறைத்தது.

தமிழ்நாட்டில் 1962இல் நெய்வேலியிலும் 1970இல் எண்ணூரிலும் அனல்மின் உற்பத்தி தொடங்கியது. மின்சாரத்தோடு சாம்பலும் மலையாய்க் குவிந்தது. எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் படிந்து மீனவர் பிழைப்பு நலிந்தது. சாம்பலைப் பயன்படுத்துமாறு இந்திய அரசு 1999இல் ஆணை பிறப்பித்தது. 2021இன் ஆணையில், பயன்படுத்தும் வழிகளுள் ஒன்றாகச் சாம்பற்கல்லும் இடம்பெற்றது.

எனினும் சாம்பற்கல் இன்னும் பெருவழக்காகவில்லை. சூளைக்கு எரிபொருள் வேண்டும். சாம்பலின் தரமோ நிலக்கரிக்கேற்ப மாறும். உடைத்த கருங்கல் பல ஊர்களில் மலிவு. ஆனால் அம்மலிவு விலையில் குன்றின் மதிப்புச் சேர்ந்திருக்கிறதா? செரோக் தோக்குன் பாறையை எந்தச் சூளையாலும் மீண்டும் ஆக்க இயலாது. சல்லியையோ சாம்பலிலிருந்தும் ஆக்கலாம். இவ்வேறுபாட்டை உணர்ந்த தலைமுறையே மலைகளைக் காக்கும்.