வாசல் மணிக்குச் சக்தி வந்த வழி

வீட்டுக்கு வந்தவன் தான் வந்திருப்பதை உள்ளிருப்போருக்கு அறிவிக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம், மனிதன் கதவு என்ற ஒன்றைச் செய்து அதை உட்புறம் தாழிட்டுக்கொள்ளத் தொடங்கிய அன்றே உண்டாகிவிட்டது. அறிவிப்பு என்றால் அதற்குச் சிறிதளவாவது சக்தி செலவாக வேண்டும். அந்தச் சக்தியை யார் கொடுப்பது என்பதுதான் காலந்தோறும் மாறி வந்திருக்கிறது. வந்தவர் முகத்தைப் படம் பிடித்து, வீட்டுக்காரர் எந்த ஊரில் இருந்தாலும் அவர் கையிலுள்ள போனில் காட்டுகிற வீடியோ காலிங் பெல்லும், அதன் பாட்டரிக்கு வெயிலிலிருந்து மின்சாரம் ஊட்டுவதற்காகப் பக்கத்தில் பொருத்துகிற சிறிய சோலார் பலகையும் இந்தச் சரித்திரத்தில் நேற்றுச் சேர்ந்தவை. ஆயினும் அவை தீர்க்க முற்படும் பிரச்னை நேற்று முளைத்ததன்று.

நம் பக்கத்துக் கிராமங்களில் பகற்பொழுதில் தெருக்கதவை அடைக்கும் வழக்கமே வெகுகாலம் இருந்ததில்லை. திண்ணையில் யாராவது ஒருவர் உட்கார்ந்திருப்பார்; வருகிறவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே ஒரு முறை கனைப்பார்; அதற்கும் உள்ளேயிருந்து பதில் இல்லையென்றால், வீட்டாருடன் தமக்குள்ள உறவையோ மரியாதையையோ ஒட்டி “அத்தை” என்றோ “அம்மா” என்றோ ஒரு குரல் கொடுப்பார். இரவில் கதவு சாத்தியிருந்தால் நாதாங்கியைப் பிடித்து ஆட்டுவதுண்டு. இரும்புச் சங்கிலி கட்டையில் மோதுகிற அந்த ஓசைக்கான சக்தி முழுவதும் வந்தவருடைய கையிலிருந்தே கிடைத்தது. பெரிய மாளிகைகளிலோ இந்தக் காரியத்துக்கென்று சம்பளம் பெற்ற ஆட்கள் இருந்தார்கள். திருப்பாவையில் ஆயர் சிறுமியர் நந்தகோபன் மாளிகையின் வாயில் காப்பானிடம் மணிக்கதவைத் திறக்கும்படி மன்றாடும் பாசுரம் தமிழர் எல்லோரும் அறிந்தது. திருவாரூர்ச் சோழனுடைய ஆராய்ச்சி மணியை இன்றைய காலிங் பெல்லுக்கு மூதாதையாகச் சொல்லுகிறவர்களும் உண்டு. எனக்கு அது சம்மதமில்லை. அந்த மணி ‘எனக்கு அநீதி நேர்ந்துவிட்டது’ என்று முறையிடுவதற்காகக் கட்டியது. பால்காரரும் தபால்காரரும் அடிப்பதற்காகக் கட்டியதல்ல.

கையால் தட்டுகிற ஓசை கொல்லைப்புறம்வரை எட்டாத அளவுக்கு வீடுகள் பெருத்தபோதுதான் யந்திர உபாயம் தேவைப்பட்டது. இங்கிலாந்தின் பிரபுக்கள் தங்கள் மாளிகைகளில் வாசலிலிருந்து பணியாளர் கூடம்வரை சுவருக்குள்ளும் மச்சுக்கடியிலும் கம்பி இழுத்து, மூலைதோறும் ஒரு திருகு நெம்புகோலை வைத்து, ஒரு முனையில் பிடியை இழுத்தால் மறுமுனையில் சுருள்வில்லில் தொங்கும் மணி ஆடும்படி அமைத்துக்கொண்டார்கள். ஜேம்ஸ் வாட்டிடம் வேலை பார்த்தவரும் நிலக்கரி வாயுவால் விளக்கேற்றிக் காட்டியவருமான வில்லியம் மர்டாக், 1817இல் பர்மிங்ஹாம் அருகே தாம் கட்டிக்கொண்ட வீட்டில், குழாயில் அடைத்த காற்றின் அழுத்தத்தால் ஒலிக்கும் வாசல் மணி ஒன்றை வைத்திருந்தார். கம்பியோ காற்றோ, இழுப்பவனுடைய பலம்தான் கடைசியில் மணியை ஆட்டியது.

அந்தப் பலத்துக்கு விடுதலை கொடுத்தது மின்சாரம். 1831இல், அமெரிக்காவில் நியூயார்க் ராஜ்யத்து ஆல்பனி நகரப் பாடசாலை ஒன்றில் ஆசிரியராயிருந்த ஜோசப் ஹென்றி, ஒரு மைலுக்கும் மேற்பட்ட நீளமுள்ள செம்புக் கம்பியை அறையின் சுவர்களைச் சுற்றி ஓடவிட்டு, ஒரு முனையில் பாட்டரியையும் மறுமுனையில் மின்காந்தத்தையும் இணைத்தார். மின்சாரம் பாய்ந்ததும் மின்காந்தத்தின் அருகே முளையில் சுழலும்படி வைத்த காந்தச் சலாகை ஒன்று சட்டென விலகிப் பக்கத்திலிருந்த மணியைத் தட்டியது. தந்திக்கும் வாசல் மணிக்கும் பொதுவான மூதாதை என்று அதைச் சொல்லலாம். ஆனால் சோதனைச்சாலை ஆச்சரியமாக இருந்த ஒன்று குடும்பத்துச் சாமானாக மாறுவதற்கு இடையே ஒரு தடை இருந்தது. மணிக்கு வேண்டிய மின்சாரம் எங்கிருந்து வரும்? அக்காலத்து பாட்டரிகள் அமிலம் நிரம்பியவை. உபயோகித்தாலும் உபயோகிக்காவிட்டாலும் தங்களைத் தாங்களே தின்று தீர்ப்பவை.

1866இல் பிரெஞ்சுக்காரரான ஜார்ஜ் லெக்லாஞ்சே உருவாக்கிய பாட்டரி இந்தத் தடையை நீக்கிற்று. ஒரு கண்ணாடி ஜாடி. அதில் நவச்சாரம் கரைத்த நீர். நீரில் அமிழ்ந்த ஒரு துத்தநாகக் கோல். நடுவே ஒரு நுண்துளை மண் குவளை. குவளைக்குள் மாங்கனீஸ் டை ஆக்ஸைடும் கரித்தூளும் கெட்டித்த கலவையில் நட்ட கரித்தண்டு. இவ்வளவுதான் அதன் உறுப்புகள். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வருகிறவர், சூடேறிய பாத்திரத்தில் தூவியதும் குப்பென்று வெண்புகை கிளம்புமே, அந்த நவச்சாரமேதான் இது. ஐரோப்பிய நகரங்களின் அலமாரிகளில் இந்த ஜாடிதான் லட்சக்கணக்கான வாசல் மணிகளுக்கு உயிராக இருந்தது. இந்த பாட்டரிக்கு ஒரு குறை உண்டு. தொடர்ந்து மின்சாரம் எடுத்தால் கரித்தண்டைச் சூழ்ந்து ஹைட்ரஜன் சேரச் சேர அதன் வேகம் குன்றிவிடும். சற்று நேரம் சும்மா விட்டால் மாங்கனீஸ் கலவை மெல்ல மெல்ல அந்த ஹைட்ரஜனை உட்கொண்டு பழைய பலத்தை மீட்டுத் தரும். விளக்கு எரிப்பதற்கு உதவாத இந்தச் சுபாவம் வாசல் மணிக்கு அபாரமாகப் பொருந்திற்று. ஏனெனில் வாசல் மணி என்பது நாளில் சில நொடிகள் உழைத்து மற்ற நேரமெல்லாம் ஓய்ந்திருக்கும் பிறவி. ஒரு பொருளின் குறையே அதற்கு உரிய வேலையைத் தேடிக் கொடுத்தது என்பதற்கு இதைவிட அழகான உதாரணம் மின்சாரத்தின் சரித்திரத்தில் எனக்கு அகப்படவில்லை. அவ்வப்போது ஜாடியில் குறைந்த நீரை நிரப்புவதும், துத்தநாகக் கோலில் படிந்த படிகங்களைச் சுரண்டுவதும், கோல் கரைந்து மெலிந்தால் புதிது போடுவதும் வீட்டு வேலைகளுள் ஒன்றாயின. இதே கலவையைப் பசையாக்கித் துத்தநாகக் குப்பியில் அடைத்ததுதான் பின்னால் டார்ச் விளக்குக்கு வந்த கட்டை பாட்டரி.

தெருவெங்கும் மின்கம்பம் வந்த பிறகு ஜாடிக்கு மவுசு போயிற்று. அமெரிக்காவில் வீட்டு மின்சாரத்தைச் சிறு டிரான்ஸ்பார்மர் ஒன்றினால் 16 வோல்ட் அளவுக்கு இறக்கி, மெல்லிய இரட்டைக் கம்பி வழியாக வாசலுக்குக் கொண்டு போனார்கள். நம் நாட்டில் அந்தச் சடங்கெல்லாம் பெரும்பாலும் கிடையாது. விளக்குக்கும் விசிறிக்கும் போகிற அதே 230 வோல்ட், வெளிக்கதவுச் சுவிட்சுக்கும் போகிறது. குருவிபோல் கூவுகிற பெல் வாங்கி மாட்டிய வீட்டுக்காரர், ஐப்பசி மழையில் நனைந்த அந்தச் சுவிட்சைத் தொடுகிறவருடைய கையைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்பட்டதில்லை. அமெரிக்க அளவுக்குச் செய்த வீடியோ பெல்லை இங்கே வாங்கி வந்தால், அதைப் பழைய கம்பியில் அப்படியே இணைக்க முடியாமற் போவதற்கும், பாட்டரி வைத்த ரகமே சௌகரியம் என்று ஜனங்கள் கருதுவதற்கும் காரணம் இந்த 230 வோல்ட்தான்.

மணிக்குக் கண் முளைத்த விருத்தாந்தம் தனி. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வசித்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற கறுப்பினப் பெண்மணி நர்ஸாக வேலை பார்த்தவர். அவர் கணவர் ஆல்பர்ட் பிரவுன் மின்னணுத் தொழில் தெரிந்தவர். இருவருக்கும் வேலை நேரம் ஒழுங்காக அமையாததால் மேரி அகாலத்தில் தனித்திருக்க நேர்ந்தது. அக்கம்பக்கத்தில் குற்றங்கள் பெருகியிருந்தன. கூப்பிட்டால் போலீஸார் வந்து சேரத் தாமதமாயிற்று. கதவைத் திறக்காமலும் கதவருகே போகாமலும் வந்தவரைப் பார்க்க வழி தேடி, 1966இல் தம்பதியர் ஓர் அமைப்புக்குக் காப்புரிமை விண்ணப்பித்தார்கள். 1969 டிசம்பரில் அது வழங்கப்பட்டது. நெட்டையர், குட்டையர், குழந்தைகள் எல்லோருக்கும் ஏற்ப வெவ்வேறு உயரத்தில் கதவில் பார்வைத் துளைகள். அவற்றின் பின்னே மேலும் கீழும் நகருகிற காமிரா. படுக்கையறையில் தொலைக்காட்சிப் பெட்டி. வந்தவரோடு பேச ஒலிபெருக்கி. வேண்டியவரானால் இருந்த இடத்திலிருந்தே தாழை விடுவிக்கவும், வேண்டாதவரானால் அபாய அறிவிப்பு செய்யவும் பொத்தான்கள். இன்றைய வீடியோ பெல் செய்கிற காரியங்களில் பெரும்பாலானவற்றை அந்தக் காகிதத்தில் அப்போதே எழுதி வைத்துவிட்டார்கள். அதன் பிறகு ஏறக்குறைய நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, தம் வீட்டுக் கராஜில் வேலை செய்துகொண்டிருக்கையில் வாசல் மணி காதில் விழவில்லையே என்று சலித்த ஜேமி சிமினாஃப் என்ற அமெரிக்கர், மணியைப் போனோடு பேசவைக்கும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 2013இல் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் அவர் தேடிப் போன முதலீடு கிட்டவில்லை. 2018இல் அமேசான் நிறுவனம் அவருடைய ‘ரிங்’ கம்பெனியை நூறு கோடி டாலர் அளவுக்கு விலை கொடுத்து வாங்கிக்கொண்டது.

காமிராவும் வைஃபை ரேடியோவும் சேர்ந்ததும் மணியின் பழைய சுபாவத்துக்கு ஆபத்து வந்தது. பார்வையும் ரேடியோவும் இடையறாது விழித்திருந்தால் எந்தச் சிறு பாட்டரியும் சில நாட்களுக்குத் தாங்காது. ஆகையால் அவற்றைத் தூங்க வைத்தார்கள். மனித உடம்பின் வெப்பம் அசைவதை உணருகிற ஓர் அகச்சிவப்பு உணரி மாத்திரம் மிகச் சொற்ப மின்சாரத்தில் காவலிருக்கும். அது தட்டி எழுப்பினால்தான் காமிரா கண் திறக்கும். எழுவதற்குப் பிடிக்கிற ஓரிரு நொடிக்குள் பார்சலை வைத்துவிட்டுத் திரும்பிவிட்ட ஆளின் முதுகு மட்டும் படத்தில் விழுவது இதனால்தான். எவ்வாறாயினும், லெக்லாஞ்சேயின் ஜாடி அறிந்திருந்த அதே ஒழுக்கம், சிறிது உழைப்பு, நீண்ட ஓய்வு, இங்கே மறுபடியும் அமுலுக்கு வந்தது. பாட்டரி மட்டும் லித்தியம் அயனி ஜாதி. அந்த ஜாதியைச் சோனி கம்பெனி 1991இல் கடைக்குக் கொண்டுவந்தது. ஒரு வீடியோ பெல்லில் சுமார் 20 வாட்-மணி சக்தி அடங்கும். ஆள் நடமாட்டம் குறைந்த வாசலில் அது மாதக்கணக்கில் வரும். பள்ளிக்கூடத்துக்கு எதிர்வீடாக இருந்துவிட்டாலோ, அடிக்கடி கழற்றிச் சார்ஜ் போடுகிற தொல்லைதான்.

இந்தத் தொல்லைக்கு வெயிலைத் துணைக்கழைப்பதை விளம்பரக்காரர்கள் நவீன யோசனையாகப் பேசுகிறார்கள். ஆனால் சோலார் பலகைக்குள் இருக்கும் சூரியகலத்தின் பிறப்பைப் பார்த்தால் அது ஏறக்குறைய இதே வேலைக்காகத்தான் பிறந்திருக்கிறது. வெளிச்சம் பட்டால் சில பொருள்கள் மின்சாரம் தரும் என்பதை 1839இல் பத்தொன்பது வயதுப் பிரெஞ்சு இளைஞர் எட்மண்ட் பெக்கெரல் கண்டார். 1883இல் நியூயார்க்கில் சார்லஸ் ஃபிரிட்ஸ், செலினியத்தின்மேல் கண்ணாடிபோல் மெல்லிய பொன் தகடு போர்த்திக் கலங்கள் செய்தார். விழுந்த ஒளியில் நூற்றில் ஒரு பங்குதான் அவற்றில் மின்சாரமாயிற்று. பிறகு 1950களில், அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச் சாலையில் டேரில் சேப்பின் என்ற பொறியாளருக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில், ஒதுக்குப்புறத் தொலைபேசி நிலையங்களில் வைத்த கட்டை பாட்டரிகள், அதாவது லெக்லாஞ்சேயின் நேர் வாரிசுகள், சீக்கிரமே கெட்டுப்போயின. அவற்றுக்கு மாற்றாக எதைக் கொண்டு வரலாம் என்று பார்ப்பதே வேலை. முதலில் செலினியத்தோடு மல்லுக்கட்டிய அவர், நண்பர் ஜெரால்டு பியர்ஸன் சொன்னபடி சிலிக்கனுக்கு மாறி, கால்வின் ஃபுல்லர் என்ற ரசாயனியின் கைவண்ணத்தோடு, 1954 ஏப்ரலில் நூற்றுக்கு ஆறு பங்கு ஒளியை மின்சாரமாக்கும் கலத்தை உலகுக்குக் காட்டினார். அடுத்த ஆண்டே ஜார்ஜியா ராஜ்யத்து அமெரிக்கஸ் என்ற ஊரில் கிராமத் தொலைபேசிக் கம்பி ஒன்றுக்கு அதை வைத்துப் பார்த்தார்கள். விலை கட்டவில்லை. 1958 மார்ச்சில் பறந்த வான்கார்டு-1 என்ற சிறு செயற்கைக்கோளுக்கு மட்டும் விலை ஒரு பொருட்டாயிருக்கவில்லை. அதன் சூரியகலங்கள் 1964வரை ரேடியோவைப் பேசவைத்தன. பூமிக்கு மறுபடி இறங்கி, கடல் மிதவை விளக்கு, கைக்கணக்கி என்று படிப்படியாக விலை சரிந்து வாசல்வரை வர அதற்கு அரை நூற்றாண்டு பிடித்தது.

வந்த இடத்தில் ஒரு வேடிக்கையான விரோதம் காத்திருந்தது. வாசல் என்பதை உலகெங்கும் தச்சரும் கொத்தரும் மழையும் வெயிலும் படாதவாறு கட்டுவார்கள். சோலார் பலகையோ வெயில் நேராக விழுந்தாலன்றிப் பிரயோஜனமில்லாதது. 2 வாட் பலகை ஒன்று மூன்று மணி நேரம் நல்ல வெயில் கண்டால் கணக்குப்படி 6 வாட்-மணி கொடுக்கும். வழியில் சேதமாவது போகவும் ஒரு நாள் செலவுக்கு அது தாராளம். அதே பலகை போர்டிகோவின் நிழலில் இருந்தால் ஏறக்குறைய ஒன்றுமே கொடுப்பதில்லை. மேல்நாட்டு வடக்கு வாசல்களுக்குக் குளிர்காலம் முழுவதும் நேர்வெயில் இல்லை. பனி உறையும் குளிரில் லித்தியம் பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினால் உள்ளே உலோகமாகவே லித்தியம் படிந்து கெட்டுப்போகுமாதலால், வெயில் இருந்தாலும் கருவி அதை ஏற்க மறுத்துவிடும். சென்னையில் குளிரின் பயமில்லை. சூரியன் நம் தலைக்கு வடக்கே போகிற சித்திரை நடுப்பகுதி தொடங்கி ஆடி முடிகிறவரை வடக்குச் சுவரிலும் கொஞ்சம் வெயில் ஏறும். ஆனால் மேற்குச் சுவரில் அக்னி நட்சத்திரத்து வெயில் காய்கிற இடத்தில் பெல்லை மாட்டினால், 45 டிகிரியைத் தாண்டிய சூட்டில் சார்ஜ் ஏற்றுவது பாட்டரியின் ஆயுளுக்குக் கேடு.

ஆகவே அனுபவசாலிகளான எலெக்ட்ரீஷியன்கள் பெல்லையும் பலகையையும் பிரித்துவிடுகிறார்கள். கருவி நிழலில், நிலைப்படியின் பக்கத்தில். பலகை கைப்பிடிச் சுவருக்கு மேல், தெற்கு நோக்கிச் சற்றே சாய்வாக, மழைநீரும் காக்கை எச்சமும் வழிந்து போகும்படி. இரண்டுக்கும் இடையே மெல்லிய இரட்டைக் கம்பி. இரவில் இருண்ட பலகை வழியே பாட்டரியின் மின்சாரம் பின்னோக்கி ஒழுகாதிருக்க இடையில் ஒரு டையோடு இருக்கும். சில ரகங்களில் அந்தக் கம்பியின் நுனிகளை முறுக்குவது, கருவியின் முதுகில் உள்ள இரண்டு திருகாணிகளின் கீழே. அவை 16 வோல்ட் டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் பழைய மணிக் கம்பிக்காக வைத்தவை.