சாயம் ஏறாத மூளை

பொதட்டூர்பேட்டைக்காரர்களுக்குச் சாயத்தைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிட்டத்தில் நிறம் ஏறாவிட்டால், குறை நூலிலா சாயத்திலா என்பதே நெசவாளரின் முதற்கேள்வி. 1885இல் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் எதிர்கொண்டதும் அதே கேள்விதான். விலங்கின் குருதியில் அவர் செலுத்திய சாயம் பிற உறுப்புகளில் ஏறியது. மூளை மட்டும் வெளுத்தே இருந்தது. மூளைக்குச் சாயத்தின்மேல் நாட்டமில்லை என்று அவர் குறையை நூலின்மேல் வைத்தார். அவர் வழிவந்த எட்வின் கோல்ட்மன் 1913இல் சாயத்தை மூளைத் தண்டுவட நீரிலேயே செலுத்திப் பார்த்தார். மூளை நிறமேறியது. ஆக, நூலில் குறையில்லை. இடையே ஒரு சுவர் இருந்திருக்கிறது. நுண்குழாய்களின் உட்புறத்தை வரியிட்டிருக்கும் எண்டோதீலியச் செல்களின் இறுகிய இணைப்பே அச்சுவர் என்பதை 1967இல் ரீஸும் கர்னோவ்ஸ்கியும் மின்னணு நுண்ணோக்கியால் காட்டினர்.

இச்சுவரின் கதை நம் பக்கத்துக்கும் உரியது. 1955இல் வடார்க்காட்டிலிருந்தும் அண்டை ஆந்திர மாவட்டங்களிலிருந்தும் மூளைக்காய்ச்சல் கண்டவர்கள் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். ஜப்பானிய மூளையழற்சி இந்தியாவில் முதன்முதலாக இனங்காணப்பட்டது அப்போதுதான். எங்கள் ஊர் அன்று ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1960 ஏப்ரல் 1இல்தான் திருத்தணியோடு சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லைக்காக மனிதர்கள் வழக்காடிய அந்த ஆண்டுகளில், நெல்வயலில் பிறக்கும் கியூலெக்ஸ் கொசு கொக்கிடமிருந்தும் பன்றியிடமிருந்தும் பெற்ற கிருமியை எல்லை பாராமல் சுமந்தது.

கிருமி சுவரை இடித்துக்கொண்டு நுழைகிறது என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தோம். எலிகளில் நடந்து 2015இல் வெளியான ஆய்வொன்று, மூளைக்குள் கிருமியும் அழற்சியும் முந்துகின்றன, சுவர் பிந்தியே சிதைகிறது என்று காட்டியது. சுவரும் வாளாவிருப்பதில்லை. அழற்சிச் செய்தி எட்டியதும் எண்டோதீலியச் செல்கள் ஐகேம்-1 போன்ற ஒட்டுப்புரதங்களைத் தம்மேல் நிறுத்துகின்றன. கீமோகைன்களால் வெள்ளணுக்களை அழைக்கின்றன. விரைந்தோடும் வெள்ளணு உருண்டு, ஒட்டி, உள்ளே புகுகிறது. கிருமியை வெல்ல வந்த படைதான். ஆயினும் அளவு மீறினால் மூளை வீங்கும், மண்டையோடோ விரிந்து கொடுக்காது.

இந்நோய்க்குத் தடுப்பூசி உண்டு. கிருமியைக் கொல்லும் தனி மருந்து இன்றும் இல்லை. காவலே கலகமாகும் அந்தக் கணத்தை அடக்கக் கற்றால்தான் நோயுற்றவர்களை மீட்க முடியும்.

என் சிறுவயதில் எங்கள் தெருவில் மூளைக்காய்ச்சலில் பிழைத்த பெண்ணொருத்திக்குப் பேச்சு திரும்பவேயில்லை. தாய் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று ஊர் பேசியது. குறை அந்தத் தாயிடம் இல்லையென்று இன்று என்னால் விளக்கிச் சொல்ல முடியும். கேட்பதற்கு அவர்தான் இல்லை.